பைக்கில் 300 கி.மீ. போய் இறங்கினாலும் இடுப்பு வலிக்காது... எப்படித் தெரியுமா?

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் ஓடிய முதல் நாளே அதன் சீட் தீப்பிடித்துக்கொண்டது, தெரியுமா?

1885 நவம்பர். ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்த வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அவருடைய மகன் பால். மரச் சட்டம், மரச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. அரைக் குதிரைசக்தி எஞ்சின், மணிக்கு 12 கி.மீ. வேகம். எரிபொருளைப் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த குழாய் இருந்த இடம் எது தெரியுமா? சீட்டுக்கு நேர் கீழே! கான்ஸ்டாட்டில் கிளம்பியவர் பக்கத்து ஊரைத் தொடுவதற்குள் உட்கார்ந்த இடம் பற்றிக்கொண்டது என்று அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். பைக் பிறந்த அன்றே, அதில் நோகாமல் உட்காருவது எப்படி என்ற கேள்வியும் பிறந்துவிட்டது!

மூன்றே வருடத்தில், 1888-ல், பெல்ஃபாஸ்டில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து மாட்டினார். 1913-ல் அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பெனி பின் சக்கரத்துக்குப் பட்டை ஸ்பிரிங் கொடுத்தது. அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் பெரும்பாலான பைக்குகளில் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. சீட்டுக்குக் கீழே இருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங்தான் கதி. 1949-ல் விற்பனைக்கு வந்த புல்லட், பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்ஸார்பரும் வைத்து வந்த முன்னோடி வண்டிகளில் ஒன்று. 1955-லிருந்து அது நம்ம சென்னையிலேயே தயாராக ஆரம்பித்தது.

சரி, நம்ம ஊரான காரைக்காலுக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்து சீர்காழிக்கு பைக்கில் போகிறவர் வாஞ்சூரில் தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, ஏறக்குறைய 20 கி.மீ. போனதும் நண்டலாற்றைத் தாண்டி மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார், தெரியுமா? நடுவில் இருப்பது புதுச்சேரி ஆட்சியில் உள்ள காரைக்கால். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்த மண். பெட்ரோல் வரி குறைவு என்பதால் இந்தப் பக்கம் மயிலாடுதுறைக்காரர், அந்தப் பக்கம் நாகூர்க்காரர் எல்லோரும் இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்கள்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. பி.ஒய். 02 என்று நம்பர் பிளேட் மாட்டிய காரைக்கால் வண்டிக்கு வேறு மூன்று ஊர்களில் உடன்பிறப்புகள் உண்டு. 01 புதுச்சேரி, 03 கேரளக் கரையில் இருக்கும் மாஹே, 04 ஆந்திராவில் கோதாவரி ஓரத்து ஏனாம். ஏனாமில் கிளம்பி புதுச்சேரி, காரைக்கால் வழியாக மாஹே போய்ச் சேர 1,400 கி.மீ.க்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். இத்தனைக்கும் நாலும் ஒரே யூனியன் பிரதேசம்!

இங்கே நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்கள் யார் தெரியுமா? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல், ஷிஃப்ட் முடிந்த கையோடு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஏறத்தாழ 300 கி.மீ. தள்ளி இருக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணிக் கொடி ஏறினால் ஜோடி ஜோடியாக வண்டிகள். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். இவர்களில் பலர் இடுப்பு வலியைப் பயணத்தின் வாடகை மாதிரி நினைத்துத் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்கவே தேவையில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இடுப்பு கடுக்கிறவரின் கவனத்தில் பாதி இடுப்பிலேயே போய்விடும். ரோட்டுக்கு மீதி பாதிதான் மிஞ்சும். வலியில்லாத உடம்பு விபத்திலிருந்தும் காப்பாற்றுகிறது.

உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதி பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டே இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது, தெரியுமா? தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களை அழுத்தி மூட, பாதரச அளவில் 32 மி.மீ. அழுத்தம் போதும் என்று மருத்துவப் புத்தகங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. சீட்டில் அந்த இரண்டு முனைக்குக் கீழே விழுவது அதைவிடப் பல மடங்கு. அசையாமல் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போவதே குறைந்துவிடும். முதலில் கடுக்கும், அப்புறம் எரியும், அதற்கப்புறம் மரத்துப் போகும்!

அதனால் மெத்து மெத்தென்ற சீட் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும் சீட்தான் நூறாவது கி.மீ.யில் காலை வாரும். காரணத்தைக் கண்ணால் பார்க்க ஆசையா? சீட் கவர் தைக்கிற கடை ஏதாவது ஒன்றில் பத்து நிமிடம் நில்லுங்கள். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். ரெக்ஸினை உரித்தால் உள்ளே மஞ்சள் ஃபோம், அதில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த இரண்டு குழி தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் விரலால் அமுக்கினால் நேரே அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும். ஃபோம் அங்கே செத்துவிட்டது, எலும்பு பிளாஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். விஷயம் தெரிந்த தையல்காரர் குழியை மேலாக நிரப்பமாட்டார். செத்த ஃபோமைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த பல வண்ணக் கெட்டி ஃபோமைக் கீழே ஒட்டி, அதற்கு மேலே மட்டும் ஒரு மெல்லிய மெத்துப் படலம் போடுவார். முன்பக்கம் தொடை படும் இடத்தைச் சரிவாகச் சீவுவார், கால் தரையில் எட்ட வேண்டுமே! தையல் மடிப்பு பிட்டத்துக்கு நேர் கீழே வராதபடி ரெக்ஸினை இழுத்து அடிப்பார். முன்னைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். சென்னை போய் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

லாரி டிரைவர் சீட்டில் விரித்திருக்கும் மரமணி விரிப்பைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்று ஒரு சங்கம். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ., பைக் ஓட்டிக் காட்டினால்தான் உறுப்பினர். அங்கே பழம் தின்று கொட்டை போட்ட ரைடர்கள் பலர் சீட்டின் மேல் போட்டுக்கொள்வது அதே மாதிரியான மணி விரிப்பு, தெரியுமா? மணிகளுக்கு நடுவே காற்று ஓடுகிறது, வியர்வை தேங்குவதில்லை, கொஞ்சம் அசைந்தாலே அழுத்தம் விழும் இடம் மாறிவிடுகிறது. வெளிநாட்டு ரைடர்கள் விரும்பி வாங்கும் காற்று அறைகள் கொண்ட குஷனின் கதை இன்னும் உருக்கம். சக்கர நாற்காலியிலேயே வாழ்கிறவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்கக் கண்டுபிடித்த நுட்பம் அது!

எமிலியோ ஸ்காட்டோ என்ற அர்ஜென்டினாக்காரர் 1985-லிருந்து 1995 வரை ஒரே ஹோண்டா கோல்ட் விங்கில் 7,35,000 கி.மீ. உலகைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் அவர் 86 டயர் மாற்றினார் என்பது பெரிதில்லை, 9 சீட் மாற்றினார்!

பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களா? பர்ஸ் அழுத்தியே கால் நரம்பு வலி வரும் என்று 1978-லேயே ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். வண்டியில் ஏறுவதற்கு முன் பர்ஸை எடுத்து முன்பக்கம் வையுங்கள், செலவில்லாத வைத்தியம்.

இப்போது நம்ம ஊர் விஷயம். டெல்டாவில் பாலம் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது, தெரியுமா?

நண்டலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராஜன் ஆறு... காரைக்கால் என்ற சின்ன நிலத்துண்டுக்குள் காவிரித் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறுகள் இத்தனை. அவற்றுக்கு நடுவே வாய்க்கால், வடிகால், கன்னி என்று கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலம், இல்லையென்றால் ஒரு மதகு. ஆயிரக்கணக்கான வருடம் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் களிமண் மேல்தான் நம் ரோடு ஓடுகிறது. பாலத்துக்குக் கீழே தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, கெட்டியான அடுக்கில் நிறுத்திவிடுகிறார்கள். அது அசையாது. ஆனால் பாலத்துக்கு ஏறி இறங்குகிற மண்மேடு அந்தக் களிமண் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எடை தாங்காமல் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மேடு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. பாலம் அப்படியே நிற்கிறது, ரோடு கீழே போகிறது, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி விழுகிறது! தார் ஊற்றிச் சரி செய்தாலும் களிமண் தன் வேலையை நிறுத்துவதில்லை. உலகம் முழுக்க டெல்டா மண்ணில் பாலம் கட்டுகிற எஞ்சினியர்களுக்கெல்லாம் இதே தலைவலிதான்.

அந்தப் படியில் வண்டி ஏறும்போது உடம்புக்குள் நடப்பதைக் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு, நொடிக்கு நாலிலிருந்து எட்டு. அந்த வேகத்தில் சீட் குலுங்கினால் வயிறும் முதுகெலும்பும் சீட்டைவிட அதிகமாகக் குலுங்கும்! மேடுபள்ள ரோட்டில் நம் வண்டிகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் குலுங்குகின்றன. தப்பிக்க ஒரே வழி, பாலத்துக்கு முன்னால் முழங்காலை லேசாக மடக்கி, ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தி, பிட்டத்தைச் சீட்டிலிருந்து ஓர் அங்குலம் தூக்குவது. எழுந்து நிற்க வேண்டியதே இல்லை. ஓர் அங்குலம் போதும், முதுகுக்குப் போக வேண்டிய அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் முக்கியம். பிரேக் போட்டால் முன் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கிவிடும், அதற்கு மேல் அமுங்க இடம் இருக்காது. ஆகவே பிரேக்கைப் படிக்கு முன்பே போட்டு முடித்து, படி மேல் ஏறும்போது விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடியே ஏறுகிறவரின் மணிக்கட்டு நேராக அடி வாங்குகிறது.

அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோல் கிடக்கும், அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறிய இடத்தில் சேறு உதிர்ந்திருக்கும். காய்ந்த நெல்லின் மேல் டயர் ஏறுவது, தரையில் சிந்திய கடுகின் மேல் கால் வைத்த கதைதான். முன் பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல், நேரே உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கை மரத்துப் போகிறதா? ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், உள்ளே இருக்கும் பிஸ்டன் நொடிக்கு 66 தடவைக்கு மேல் மேலே போய்க் கீழே வருகிறது, தெரியுமா? அத்தனை தடவையும் அந்த உதைப்பு ஹேண்டில் பாருக்கு வந்து உள்ளங்கையில் முடிகிறது. இதை அடக்க எஞ்சினுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஒரு பேலன்ஸர் தண்டு வைக்கிறார்கள். பழைய 350 புல்லட்டில் அது இல்லை. அதே கம்பெனியிலிருந்து 2020-ல் வந்த மீட்டியாரிலும் 2021-ல் வந்த புதிய கிளாஸிக்கிலும் இருக்கிறது. பழைய வண்டியையும் புது வண்டியையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் கையே சொல்லிவிடும்!

ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் திருகி வைத்திருக்கும் இரும்புக் குண்டு அழகுக்கு என்று நினைத்து எத்தனையோ தம்பிகள் கழற்றிவிடுகிறார்கள். ஐயோ, கழற்றாதீர்கள்! பாரின் அதிர்வை மாற்றி, கைக்கு வரும் நடுக்கத்தைக் குறைப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

டேங்கை இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்தால் கைக்கு வேலையே குறைந்துவிடும். ஓடுகிற பைக் தன்னைத் தானே நேராக நிறுத்திக்கொள்கிற பொருள். ஓரளவு வேகம் வந்த பிறகு இடது பக்கம் வண்டி சாய வேண்டுமென்றால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும், தெரியுமா? இழுத்தால் எதிர்ப்பக்கம் போகும்! விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் வில்பர் ரைட் சைக்கிளிலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இது தெரியாமல் பாரோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் தோள்பட்டை இறுகிப் போகிறது.

நம் ரோடு கடலை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடுகிறது. வெயில் ஏறியதும் கரை சூடாகி, கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்க ஆரம்பிக்கும். ஆக, நீங்கள் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் மதியத்துக்கு மேல் காற்று விலாவில்தான்! சவுக்குத் தோப்பு ஓரம் போகும்வரை ஒன்றும் தெரியாது. தோப்பு முடிகிற இடத்தில் சட்டென்று ஒரு தள்ளு. லாரியைத் தாண்டி முன்னே வரும்போது இன்னொரு தள்ளு. கையை இறுக்கினால் அந்தத் தள்ளு அப்படியே பாருக்குப் போய் வண்டி ஆடும். முழங்கையைத் தளர விட்டால் உடம்பு ஆடும், வண்டி நேராகப் போகும். எதிர்க்காற்றின் கணக்கு இன்னும் கொடுமை. வேகம் 60-லிருந்து 90-க்கு ஏறினால் நெஞ்சில் மோதும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு! கழுத்து வலிக்கு மருந்து தேடுகிறவர்கள் பத்து கி.மீ. வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

காதுக்குள் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாலும், மணிக்கு 65 கி.மீ. வேகத்திலேயே காதருகில் காற்றின் இரைச்சல் சுமார் 90 டெசிபல், தெரியுமா? வேலைத்தளங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91-ல் இரண்டே மணி நேரம், 100-ல் பதினைந்தே நிமிடம்! சென்னையிலிருந்து காரைக்காலுக்கு ஐந்தாறு மணி நேரம் அந்த இரைச்சலோடு வந்து இறங்கும்போது வரும் அசதியில் ஒரு பங்கு காதால் வந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை விரலால் உருட்டி உள்ளே வைத்தால் காற்றின் ஓலம் அடங்கும், ஹார்ன் கேட்கும்.

அந்த ஹெல்மெட்டுக்கே ஒரு கதை உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கிலிருந்து விழுந்து, சில நாளில் தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை பார்த்தவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர், பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் எழுதிய கட்டுரைதான் ஹெல்மெட் உயிர் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது. ஹெல்மெட் வாங்கும்போது கடையிலேயே பத்து நிமிடம் போட்டபடி நில்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் சிவப்பாகத் தடம் விழுந்தால் அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்கு ஆகாது. முந்நூறு கி.மீ.யில் அந்தத் தடம் தலைவலியாகிவிடும்.

கத்திரி வெயிலில் அரைக்கைச் சட்டை போட்டால் குளிர்ச்சி என்று நினைக்கிறீர்களா? நேர் எதிர்! நம் தோலின் சூடு 35 டிகிரிக்குள்தான். வெளியே 38 டிகிரி இருந்தால், மேலே மோதும் காற்று உடம்பிலிருந்து சூட்டை எடுப்பதற்குப் பதில் உள்ளே ஏற்றுகிறது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது, உடம்பு மேலும் மேலும் வியர்க்கிறது. பாலைவனத்தில் வாழ்கிறவர்கள் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொள்வது சும்மா இல்லை. முழுக்கைப் பருத்திச் சட்டையைப் பம்பு செட் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே வலை ஜாக்கெட் மாட்டினால் அரை மணி நேரம் ஏ.சி.தான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி சூடு போகும், தெரியுமா? ஆனால் சொட்டுகிற வியர்வை எதையுமே குளிர்விப்பதில்லை! ஆவியாக வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் சிக்னலில் நிற்கும்போது சொட்டுவதெல்லாம் வீண் வியர்வை. தண்ணீரும் உப்பும் மட்டும் நஷ்டம்.

அந்த உப்பை எப்படித் திரும்ப ஏற்றுவது? 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியவர் டாக்டர் திலீப் மஹாலநாபிஸ். 2023-ல், அவர் இறந்த பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள். குடலுக்குள் சர்க்கரை போகும்போது உப்பையும் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், அந்த ஒரு உண்மைதான் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வீட்டிலேயே கலக்கலாம். அரிசிக் கஞ்சியில் செய்த ஓ.ஆர்.எஸ்.ஸும் காலராவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியென்றால் நம் பாட்டி உப்புப் போட்டுக் கொடுத்த நீராகாரம் எந்த வகையறா என்று யோசித்துப் பாருங்கள்! இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீர் குடித்தால் அடுத்த நிறுத்தத்தில் உப்பு மோரும் குடித்துவிடுங்கள். (சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.)

ஐப்பசி கார்த்திகையில் கதை தலைகீழ். நனைந்த துணி வழியாகச் சூடு வெளியேறுவது பல மடங்கு வேகம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும். தமிழ்நாட்டில் யாருக்குக் குளிரப் போகிறது என்று ரெயின்கோட் இல்லாமல் கிளம்பியவர் கொள்ளிடம் பாலத்தில் பல் கிடுகிடுக்க வருவதை மழைக்காலத்தில் பார்க்கலாம். விரல் விறைத்தால் பிரேக் லீவர் பிடிபடாது. அவசரத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. டீக்கடையில் அன்றைய பேப்பரைக் கேட்டு வாங்கி, சட்டைக்குள் நெஞ்சுப்பக்கம் மடித்து வையுங்கள். தாள்களுக்கு நடுவே நிற்கும் காற்று குளிரைத் தடுத்துவிடும்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவருக்குச் சமம், தெரியுமா? நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 0.03 வரைதான்! காலை ஆறு மணிக்கு எழுந்து, ஷிஃப்ட் முடித்து, இரவு பதினொரு மணிக்கு மரக்காணத்தைத் தாண்டுகிற தம்பி ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டி வண்டி ஓட்டுகிறான். 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் சொருகினால் வண்டி 66 மீட்டர் தானாகப் போகிறது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை 194 கி.மீ.க்குத் திட்டமிட்ட நான்குவழிச் சாலையால் முதுகுக்கு நிம்மதி. ஆனால் வளைவும் ஊரும் இல்லாத நேர்ரோடு தூக்கத்தை வா வா என்று கூப்பிடும், விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் இன்னும் அதிகமாக. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஓர் அருமையான வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். காபியைக் குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூடுவது! காபி வேலை செய்ய ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். தூங்கி எழும் நேரமும் அது உறைக்கும் நேரமும் சரியாக இருக்கும். ரோட்டோரம் கும்பகோணம் டிகிரி காபி போர்டுக்குப் பஞ்சமா என்ன? குடியுங்கள், பெஞ்சில் சாயுங்கள்.

டயரில் நைட்ரஜன் அடித்தால் வண்டி மெத்தென்று போகும் என்கிறார்களே? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்! காலையில் டயர் சூடாகும் முன் அளவு பார்த்து அடிப்பதுதான் சூட்சுமம்.

நிறுத்தி நிறுத்திப் போவதில் நமக்கு வாத்தியார் வெளியே இல்லை. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். ஒன்பது கிரகத் தலங்களையும் ஒரே நாளில் பைக்கில் சுற்றிவரும் ஆட்கள் நம் பக்கம் நிறைய. 200 கி.மீ.க்கு மேல் வரும் சுற்று. இவர்கள் யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதில்லை! ஒவ்வொரு கோயிலிலும் இறங்குகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், வெறுங்காலில் பிராகாரம் சுற்றுகிறார்கள், குனிந்து விழுந்து கும்பிடுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். இடுப்பும் தொடையும் கெண்டைக்காலும் நீண்டு மடங்குகின்றன, அழுந்திய இடத்துக்கு ரத்தம் திரும்புகிறது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் அவர் எழுதிக் கொடுப்பதும் இதைத்தான். கோயில் இல்லாத ரோட்டில் முக்கால் மணிக்கு ஒரு தடவை டீக்கடையைக் கோயிலாக நினைத்து இறங்கி, கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

பின்னால் உட்காருகிறவரைச் சொல்லாமல் விட மனசில்லை. பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு, பிடித்துக்கொள்ள ஒரு நிலையான கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், மூன்றும் இல்லாமல் இருவர் செல்லும் பைக்கைத் தயாரிக்கவே கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது, தெரியுமா? நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தச் சக்கரத் தடுப்பைத்தான். புது வண்டி எடுத்ததும் அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றச் சொல்கிறவர்கள், முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்தால் கழற்றமாட்டார்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்து வேளாங்கண்ணிவரை போகும் அம்மாவின் இடுப்பு முழு நேரமும் முறுகியே இருக்கிறது. சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் முதுகும் பிழைக்கும், வண்டியும் நேராக நிற்கும்.

அதோடு, ஓட்டுகிறவர் பாலத்தின் படியைக் கண்ணால் பார்க்கிறார், அவர் உடம்பு தானாகவே தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் தெரிவதெல்லாம் ஒரு முதுகு! அதே படியில் அவருக்கு மட்டும் அடி பலமாக விழுவது அதனால்தான். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பாலம் வருது, பிடிச்சுக்க!" ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன் பின் ஷாக் அப்ஸார்பரில் இருக்கும் படிக்கட்டு வளையத்தை இரண்டு படி திருகி ஏற்றுங்கள், தனியாகப் போகும்போது இறக்குங்கள். வண்டியோடு கொடுத்த டூல் கிட்டில் அதற்கென்று கொக்கிச் சாவி பல வண்டிகளில் இருக்கும். இல்லையென்றால் மெக்கானிக் கடையில் நிறுத்தினால் இரண்டு நிமிட வேலை.